கருவி வாங்குமுன் கேட்க வேண்டியவை
(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பாலிங்கின் பெயரை உலகம் அறிந்தது ஒரு பள்ளிக்கூடத்தால்தான். 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் இங்கிருந்த ஆங்கிலப் பள்ளியில் அமர்ந்துதான் பேசினார்கள். பொன்விழா காணும் நம் சங்கமும் இன்று ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசுகிறது. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் புதிய கருவிகள் வாங்கித் தர விரும்புகிறோம். தொடுதிரைப் பலகையா, மடிக்கணினியா என்று பலரும் கேட்கிறார்கள். எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்வோம்.

நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 1பெஸ்தாரிநெட் திட்டம் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணையத்தையும் ஒரு கற்றல் தளத்தையும் கொண்டுவர முனைந்தது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் என எந்தத் தரப்பிலும் அந்தத் தளத்தின் பயன்பாடு ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2013ஆம் ஆண்டின் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு டெலிமா தளம் வந்தது. பெரு நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைக் கொடுத்தார்கள். கற்பிக்கும் முறையோடு அவற்றை இணைக்காததால் பிள்ளைகளின் கல்வி உயரவில்லை என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கை கூறுகிறது.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஐந்து கேள்விகள் கேட்போம்.

ஒன்று: எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்? அதற்கு இந்தக் கருவி எப்படி உதவும்? இதை விற்பனையாளரிடம் கேட்காமல் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

இரண்டு: ஆசிரியருக்குப் பயிற்சி யார் தருவார்கள்? ஒரு நாள் விளக்கம் போதாது. பாடம் தயாரிக்க நேரமும் வேண்டும்.

மூன்று: மூன்றாம் ஆண்டில் என்ன ஆகும்? மின்கலம், விளக்கு, மென்பொருள் சந்தா, பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2022 ஜூலை 4 வெள்ளத்தைக் கண்ட மாவட்டம் நம்முடையது. தாழ்வான இடத்துக் கீழ்த்தள அறையில் விலையுயர்ந்த பொருளை வைக்கலாமா?

நான்கு: வீட்டில் கருவி இல்லாத பிள்ளைக்கு என்ன வழி? 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், சுமார் 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசியை மாறி மாறிப் பிடித்த வீடுகள் நம் தோட்டப்புறங்களில் உண்டு. இரவல் கொடுக்கச் சில மடிக்கணினிகள், சுவரில் மாட்டும் ஒரு பெரிய திரையைவிட அதிகப் பயன் தரக்கூடும்.

ஐந்து: அதில் தமிழ் தடையின்றி வருமா? 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர். அப்படியிருக்க, தமிழ் எழுத்து உடைந்து தெரியும் கருவியை நாம் ஏன் வாங்க வேண்டும்?

என் யோசனை இதுதான். ஒரே ஒரு வகுப்பில் ஒரு தவணை முழுதும் சோதித்துப் பாருங்கள். பிள்ளைகளின் வாசிப்பும் கணக்கும் முன்பு எப்படி இருந்தன, பின்பு எப்படி ஆயின என்று ஆசிரியர் குறித்து வைக்கட்டும். பயன் தெரிந்தால் விரிவாக்குவோம். கையில் உள்ள தொகையில் ஒரு பங்கைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் முதலிலேயே ஒதுக்குவோம்.

இந்தப் பணம் கடைக்காரரும் ஓட்டுநரும் பால்மரம் சீவியவரும் மாதாமாதம் கொடுத்த சந்தா. இது நம்மிடம் உள்ள அமானிதம். திறப்புவிழாப் படத்தோடு அது முடிந்துவிடக் கூடாது. அடுத்த ஐந்து ஆண்டுகளும் அது வகுப்பறையில் உழைக்க வேண்டும். அதற்கு அல்லாஹ் அருள்புரிவானாக.