ஓய்வுக்காலமும் நால்வகைத் தானமும்

(திருவிழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பணிநிறைவு விழாவைக் கண்டிராதவர் இந்த அவையில் ஒருவரும் இரார். அன்று மாலைகள் குவிகின்றன. சால்வைகள் மடியில் ஏறுகின்றன. உடன் பணிபுரிந்தோர் ஒருவர்பின் ஒருவராகப் புகழ்ந்து பேசுகின்றனர். அலுவலக வண்டியில் வீடுவரை கொண்டுவந்து விட்டுச் செல்கின்றனர். மறுநாட் காலையில் அந்தப் பெரியவர் வழக்கம்போல் ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார். நீராடிச் சினாலயம் சென்று வழிபட்டுத் திரும்புகிறார். செய்தித்தாளை முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை படித்து முடிக்கிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார், மணி ஒன்பதுதான் ஆகியிருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த மணிக்கு அவரை எதிர்பார்த்து ஓர் அலுவலகமோ பள்ளியோ காத்திருந்தது. இன்று அவரை எதிர்பார்ப்பவர் யாரும் இல்லை. அவரது நெஞ்சில் முதன்முதலாக ஒரு வெறுமை எட்டிப்பார்ப்பது அந்த ஒன்பது மணிக்குத்தான்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020ஆம் ஆண்டில் 58இலிருந்து 59ஆகவும், 2021ஆம் ஆண்டில் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. அறுபதில் ஓய்வு பெறுபவர் நல்ல உடல்நலத்தோடு இன்னும் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தால், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே கணக்கிட்டாலும் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் அவர் கையில் இருக்கிறது. இந்தப் பெருஞ்செல்வத்தை எவ்வாறு செலவிடுவது என்பதே இவ்வுரையின் பொருள்.

‘ஏதாவது ஒன்றில் ஈடுபட்டுக் கொண்டிருங்கள், பொழுது போகும்’ என்று பலரும் அறிவுரை கூறுவர். பொழுது தானே போய்விடும். அதைப் போக்குவதற்கு எவருடைய உதவியும் வேண்டியதில்லை. ஓய்வு பெற்றவர் இழப்பது வேலையை மட்டுமன்று. ‘இவர் வருவார்’ என்று பிறர் தம்மை எதிர்பார்க்கும் நிலையையும் இழக்கிறார். ஆகவே, அவர் தேடிக்கொள்ள வேண்டுவது பொழுதுபோக்கு அன்று. குறித்த நாளில், குறித்த நேரத்தில், தம்மை எதிர்பார்த்திருக்கும் ஒருவர். அவர் எழுத்துக் கற்கும் சிறுமியாக இருக்கலாம். மருத்துவமனைக்குத் துணை வேண்டி நிற்கும் மூதாட்டியாகவும் இருக்கலாம்.

சமண இல்லறத்தார்க்கு இது புதிய செய்தியன்று. இல்லறத்தார்க்குரிய நோன்புகளுள் அனர்த்ததண்ட விரதம் என்பதும் ஒன்று. பயனின்றி நிகழும் பாவச்செயல்களை விலக்குவது அந்நோன்பு. இதற்கு மாறானவற்றைச் சமண நூல்கள் ஐந்தாக வகுத்துரைக்கின்றன. பிறர்க்குக் கேடு நினைத்தல், பாவச்செயலுக்கு வழி கூறுதல், கொலைக்கருவிகளைக் கொடுத்துதவுதல், தீயன கேட்டல், பொறுப்பின்றி நீர், மரஞ்செடி முதலியவற்றை அழித்தல் என்பன அவை. இவற்றுள் முதலாவதும் நான்காவதும் வேலையற்ற நெஞ்சத்தில் எளிதாகக் குடிபுகுபவை. கைப்பேசியில் வரும் வதந்தியைப் படிப்பதும், அதை நாற்பது பேருக்கு அனுப்புவதும், பின்னர் அதுபற்றி வாதிடுவதும் இக்காலத்துத் தீயன கேட்டல் அல்லவா? பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் சமண இல்லங்களில் மாலைப்பொழுது மற்ற வீடுகளினும் நீளமானது. அந்த நீண்ட மாலையைத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு முழுவதும் கொடுத்துவிட்டால், நோன்பினால் கிடைத்த நேரம் நோன்புக்கே பகையாகிவிடுகிறது.

ஓய்வுக்குப் பின்னும் அரிய பணி நிகழும் என்பதற்குத் தமிழுலகில் சான்றுகள் உண்டு. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1919ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். சமணக் காப்பியமாகிய சீவகசிந்தாமணியை 1887இல் அவர் பதிப்பித்ததும், அதற்குக் குடந்தையில் வாழ்ந்த சமணப் பெருமக்கள் துணைநின்றதும் இவ்வவையோர் அறிந்தவையே. கொங்குவேளிரின் பெருங்கதையை அவர் வெளியிட்டது 1924இல், அதாவது ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னர். முதலும் இறுதியும் கிடைக்காத அந்த நூல் அச்சேறியது ஓர் ஓய்வூதியரின் உழைப்பால். குறுந்தொகைப் பதிப்பு 1937இல் வந்தபோது அவருக்கு வயது 82. தம் வாழ்க்கை வரலாற்றை 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதிவந்தார். 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. அடுத்த வாரப் பகுதிக்காக வாசகர்கள் காத்திருக்க, அவர் இறுதிவரை எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சான்று தமிழ்ச் சமணரிடையே தோன்றிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். தத்துவப் பேராசிரியராகவும் கல்லூரி முதல்வராகவும் விளங்கியவர் அவர். தமிழில் உள்ள சமண இலக்கியங்கள் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது. குந்தகுந்தரின் சமயசாரத்துக்கு அவர் ஆக்கிய ஆங்கில மொழிபெயர்ப்பும் உரையும் 1950இலும், திருக்குறளுக்கான ஆங்கில மொழிபெயர்ப்பும் உரையும் 1953இலும் வெளிவந்தன. 1880இல் பிறந்த ஒருவர் எழுபதைக் கடந்தும் இவ்வாறு உழைத்திருக்கிறார்.

‘அவர்கள் பேரறிஞர்கள், எளிய ஓர் எழுத்தரோ பேருந்து நடத்துநரோ என் செய்வார்?’ என்று கேட்பவர் உண்டு. அதற்கு விடை நால்வகைத் தானத்தில் இருக்கிறது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் அந்நான்கும் பொருள் படைத்தோர்க்கு மட்டும் உரியவை அல்ல. நேரம் படைத்தோர்க்கும் உரியவை.

ஆகார தானம் என்றவுடன் அரிசி மூட்டையே நினைவுக்கு வருகிறது. ஆயினும் ஊரில் தனித்து வாழும் முதியோர் பலருக்கு அரிசி இருக்கிறது. சமைத்துத் தருவாரும் உடனிருந்து உண்பாருமே இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, பூர்வீக வீட்டில் ஒருவராய் வாழ்பவர்க்கு வாரத்தில் இரண்டு நாள் கதிரவன் மறையுமுன் உணவு கொண்டு சென்று, அரைமணி நேரம் பேசியிருந்துவிட்டு வருவது ஒரு பெரும்பணி. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அவரையும் வெண்டையும் கீரையும் விளைவித்து அக்கம்பக்கத்தார்க்குப் பகிரலாம். தாம் விரும்பிச் செய்யும் தோட்டவேலை பிறர் வீட்டு அடுப்புவரை சென்றுசேரும்போது தானமாகிவிடுகிறது.

ஔடத தானத்துக்கு மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. திண்டிவனம் வட்டாரத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குச் செல்லும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். விடியலில் புறப்பட வேண்டும். வரிசையில் நின்று சீட்டுப் பெற வேண்டும். எந்த அறைக்குச் செல்வது என்று கேட்டறிய வேண்டும். மருத்துவர் சொன்னதைத் தவறாமல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகங்களில் முப்பதாண்டுகள் கோப்புகளைக் கையாண்ட ஒருவருக்கு இவை எளியவை. அந்த மூதாட்டிக்கோ மலைபோன்றவை. உடன் சென்று, எந்த மாத்திரையை எந்த வேளையில் உட்கொள்வது என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொடுக்கும் ஒருவர் செய்வதும் மருந்து ஈதலே. ஓய்வு பெற்ற செவிலியர் இதனை இன்னும் சிறப்பாகச் செய்யலாம்.

சாத்திர தானம் ஆசிரியர்களின் தனியுரிமை என்று கருத வேண்டா. சினாலயத் திண்ணையில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குத் துதிப்பாடல்களைப் பிழையின்றி ஓதக் கற்பிக்கலாம். கணக்கறிந்தவர் கணக்கையும் ஆங்கிலம் அறிந்தவர் ஆங்கிலத்தையும் பயிற்றலாம். கணினியில் தமிழ் தட்டச்சு அறிந்தவர்க்கு மற்றொரு வாயிலும் திறந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னூலாக்கி வருகிறது. விக்கிமூலம் என்னும் தளத்திலும் பழைய நூல்களின் பக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புத் திருத்தும் பணி நடைபெறுகிறது. இவற்றுக்கு வேண்டுவன பொறுமையும் கண்கூர்மையும் தமிழறிவும். நாளுக்கு இரண்டு பக்கம் திருத்தினாலும் ஆண்டுக்கு எழுநூறு பக்கம் ஆகிறது.

இதனினும் விரைந்து செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. பழைய வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் ஏட்டுச்சுவடிகளும் பழைய அச்சுநூல்களும் இருக்கலாம். வீடு விற்கப்படும் நாளில் அவை எங்குச் செல்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஓய்வு பெற்ற ஒருவர் வீடு வீடாகச் சென்று, எந்த வீட்டில் என்ன இருக்கிறது, எத்தனை ஏடுகள், எந்நிலையில் உள்ளன என்று ஒரு குறிப்பேட்டில் பதிந்துவைத்தால் போதும். ஏடுகளைத் தாமே தூய்மை செய்ய முற்படுதல் கூடாது. அது பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய வேலை. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்றவற்றை நாடுவதற்கு அந்தப் பட்டியலே முதற்படியாகும்.

நான்காவது அபய தானம். அச்சம் நீக்குதலே அபயம். இன்று முதியோரை அச்சுறுத்துபவற்றுள் தெரியாத எண்ணிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பும் ஒன்று. ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கு முடக்கப்படும், கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று கேட்டுச் சேமிப்பைக் கவர்ந்துசெல்கின்றனர். கணவனை இழந்த பெண்ணொருத்திக்குக் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பமும் வாரிசுச் சான்றும் பெரும் அச்சம் தருகின்றன. 2014ஆம் ஆண்டு முதல் ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு உயிர்ச்சான்று நடைமுறையில் இருந்தும், அதைச் செய்துகொள்ளத் தெரியாமல் தள்ளாத வயதில் அலுவலகம் தேடி அலைவோர் இருக்கின்றனர். வங்கியிலும் அஞ்சலகத்திலும் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள் மாதத்தில் இருநாள் அறக்கட்டளைக் கூடத்தில் அமர்ந்து இவற்றுக்கு வழிகாட்டினால், அது அபய தானமன்றி வேறென்ன?

இனி, ஊதியத்துக்காக வேலை செய்ய வேண்டிய நிலையிலுள்ளோர் பற்றியும் கூறவேண்டும். தனியார் நிறுவனங்களில் உழைத்தோர்க்கும் சிறுகடை நடத்தினோர்க்கும் போதிய ஓய்வூதியம் இல்லை. அவர்கள் பகுதிநேரக் கணக்குவேலை, தனிப்பயிற்சி, தையல், மெய்ப்புத் திருத்தம் முதலியவற்றால் பொருளீட்டுவதில் எவ்விதக் குறைவும் இல்லை. உயிர்க்கொலைக்கும் பொய்க்கும் இடந்தராத தொழிலாகவும், உடல் தாங்கும் அளவினதாகவும் அது இருத்தல் வேண்டும். பெருந்தொகையை முதலீடாகக் கேட்கும் எந்த ‘வீட்டிலிருந்தே வருமானம்’ திட்டத்தையும் அணுகாதிருத்தல் நலம். ஓய்வின்போது கைக்கு வந்த பணம் ஒருமுறை போனால், அதை மீண்டும் ஈட்டக் காலம் இல்லை.

இல்லத்தரசியரை மறந்து இப்பேச்சை முடித்தல் அறமாகாது. கணவர் ஓய்வு பெறும் நாளில் மனைவிக்கு ஓய்வு கிடைப்பதில்லை. இன்னும் இரண்டு முறை காப்பி போடும் வேலைதான் கூடுகிறது. ஓய்வு பெற்ற ஆடவர் ஏற்க வேண்டிய முதற் பகுதிநேர வேலை அவர்தம் சமையலறையிலேயே இருக்கிறது. காய் நறுக்கவும் பாத்திரம் துலக்கவும் கற்றுக்கொண்டால், அறுபது வயதான அந்த அம்மையாரும் தாம் விட்டுவிட்ட வீணையையோ கோலத்தையோ நூற்பயிற்சியையோ மீண்டும் தொடங்க இயலும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது பெற்றோர்க்கு இன்பமே. ஆயினும் ‘வீட்டில்தானே சும்மா இருக்கிறார்கள்’ என்று எண்ணி, விடியல் முதல் இரவு வரை அப்பொறுப்பை அவர்கள்மேல் சுமத்துதல் முறையன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர வகுப்புக்குத் தந்தை புறப்படும்போது, ‘இன்றைக்குப் போக வேண்டாம் அப்பா’ என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். அங்கே அவரை எதிர்பார்த்துச் சில பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர்.

பெரியோர்களே! பல சிற்றூர்ச் சினாலயங்களில் இன்று நாள்வழிபாட்டு முறையை முழுதும் அறிந்தவர், பழைய பாடல்களின் இசையை அறிந்தவர், ஊரின் வரலாற்றை அறிந்தவர் ஓரிருவரே இருக்கின்றனர். அவர்கள் யாரிடமும் ஒப்படைக்காமல் சென்றுவிட்டால், கோயில் நிற்கும். அதற்குப் பொருள் கூறுவார் இரார். நகரங்களிலிருந்து ஊர் திரும்பும் ஓய்வூதியர் அந்த முதியவரின் அருகமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை ஒரு சிறுவனுக்கேனும் கற்பிக்க வேண்டும். எழுபது வயதினரிடமிருந்து பத்து வயதினருக்கு அது சென்றுசேர, அறுபது வயதினரே பாலம்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டா. ஓய்வு பெற்ற ஒவ்வொருவரும் இன்று வீடு திரும்பும் முன் ஒரு பணி, ஒரு நாள், ஒரு மணி எனக் குறித்து, அறக்கட்டளைப் பொறுப்பாளரிடம் பெயர் பதிந்துசெல்லுங்கள். அடுத்த திருவிழாவில் மீண்டும் கூடும்போது, ‘பொழுது எப்படிப் போகிறது?’ என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டியிராது. ‘உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்?’ என்று கேட்டுக்கொள்ளலாம்.

அறம் வளர்க! ஜெய ஜினேந்திரா!