தண்ணீர் குடிக்கும் ஜீப்



டீசல் வண்டி டீசல் குடிக்கும்; அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தண்ணீர் குடிக்கிற வண்டிகளும் உண்டு. "அண்ணே, ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி ரேடியேட்டர்ல ஒரு செம்புத் தண்ணி ஊத்த வேண்டியிருக்கு. கீழே ஒரு சொட்டு ஒழுகக் காணோம். எங்கே போகுதுன்னே தெரியலை" என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் அநேகம் பேர். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். புகைகூடப் பெரிதாக இருக்காது. ஆகவே அவர்களும் கவலைப்படுவதில்லை. செம்பும் கையுமாக ஒரு மாதம் ஓட்டிவிடுவார்கள். பிறகு ஒரு நாள், ஏலக்காய் எடுப்பு நடக்கிற நேரமாகப் பார்த்து, பாதி மலையில் வண்டி படுத்துவிடும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, ஏன் போகிறது என்பதைத்தான் இன்றைக்குப் பேசலாம் என்று இருக்கிறேன்.

தேனி மாவட்டத்தில் போடி, தேவாரம், கம்பம் பக்கத்து நேயர்களுக்கு நான் எந்த வண்டியைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். விடியும் முன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலை ஏலத்தோட்டங்களுக்குப் போகிறதே, அந்த ஜீப்புதான். புது வண்டிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் பழைய மஹிந்திரா ஜீப்புக்கு மலைப்பக்கம் இன்னும் மவுசு இருக்கிறது. அவற்றில் ஒரு வகையில் இருப்பது எக்ஸ்.டி.பி. 4.90 என்ற எஞ்சின். பிரான்சு தேசத்துப் பெஜோ கம்பெனியின் எஞ்சின் இது. 1979-ல் உரிமம் வாங்கி மஹிந்திரா கம்பெனி இங்கேயே செய்தது. உங்கள் வீட்டில் இருப்பது டிராக்டர், வேன் என்று வேறாக இருந்தாலும் கேளுங்கள். தண்ணீர் சமாசாரம் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் எஞ்சினைத் தெரிந்துகொள்வோம். பெயரிலேயே கணக்கு இருக்கிறது. 4 என்றால் நாலு சிலிண்டர். 90 என்றால் சிலிண்டரின் உள்வாய் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 83 மில்லிமீட்டர். நாலையும் சேர்த்தால் 2112 சி.சி. வருகிறது. எரியும் வரிசை 1-3-4-2. சக்தி சுமார் 60 குதிரை. அதுவும் நிமிடத்துக்கு 4500 சுற்று சுற்றினால்தான். டிராக்டர் எஞ்சின் ஏறக்குறைய 2000 சுற்றில் நிதானமாக உழுதுவிட்டுப் போகும். இது காருக்காகப் பிறந்த எஞ்சின். பெஜோ 504 காரில் ஓடிய இனம். உருவம் சிறிசு, ஓட்டம் அதிகம், சூடும் சீக்கிரம் ஏறும்.

டீசல் எஞ்சினில் பொறி வைக்கப் பிளக் கிடையாது. காற்றை அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறோம். இந்த எஞ்சினில் 22 பங்கு காற்றை ஏறக்குறைய ஒரு பங்காக அமுக்குகிறது. டீசல் தெறிக்கிற இடம் பிஸ்டன் தலையில் இல்லை. மேலே ஹெட்டுக்குள் ஒரு சின்ன உருண்டை அறை இருக்கிறது, நெருப்பு அங்கேதான் பிறக்கிறது. அந்த அறை குளிர்ந்து கிடந்தால் டீசல் பற்றாது. அதனால்தான் காலையில் ஹீட்டர் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கிறோம். பின்னால் வந்த 2523 சி.சி. டி.ஐ. எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டன் தலையில் தெறிக்கிறது. அறை எஞ்சினில் அப்படியில்லை. அடுப்பை ஹெட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டியதுபோல. ஆகவே ஹெட்டைச் சுற்றி ஓடுகிற தண்ணீருக்குச் சுமை ஜாஸ்தி.

இன்னொரு விஷயம். ஹெட் அலுமினியம், கீழே பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். நடுவில் மாட்டிக்கொண்டு இருவருக்கும் சமாதானம் செய்து வைப்பது ஹெட் கேஸ்கெட். அளவான சூட்டில் அது தாங்கும். எஞ்சின் ஒரு தடவை கொதித்துப் போனால் ஹெட் வில்லாக வளையும்; கேஸ்கெட் எங்காவது ஒரு மூலையில் விட்டுக்கொடுக்கும். சிலிண்டர் லைனர்களும் இதில் ஈர லைனர்கள். அதாவது லைனரின் வெளிப்பக்கம் நேரே தண்ணீரில் நனைந்து நிற்கிறது. கீழே தண்ணீர் ஆயில் பக்கம் இறங்காமல் தடுப்பது ரப்பர் வளையம்.

இப்போது தண்ணீர் போகிற பாதை விளங்கும். கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் போனால் ஆவியாகிச் சைலன்சர் வழியே வெளியேறும். ரப்பர் வளையம் வழியாகப் போனால் ஆயில் சட்டியில் சேரும். மூன்றாவது, எரிந்த வாயு கேஸ்கெட்டைத் தாண்டித் தண்ணீருக்குள் புகுந்து, தண்ணீரை ரேடியேட்டர் மூடி வழியே தள்ளிவிடும். இது ஏற்றத்தில் போகும்போது ரோட்டில் கொட்டிவிடுகிறது. வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தால் எப்படித் தெரியும்?

பரீட்சை செய்வது சுலபம். காலையில் ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். வாயில் இடைவிடாமல் குமிழி வந்தால் கேஸ்கெட் போய்விட்டது. ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே, எஞ்சின் சூடாகுமுன்பே, மேல் ஹோஸ் கல்லாக விறைத்தாலும் அதே அர்த்தம்தான். ஆயிலுக்கு: ராத்திரி முழுக்க நிற்கவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சட்டியின் கீழ்த் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். உள்ளே இருந்தால் முதலில் வருவது அதுதான். ஆயில் ஏற்கெனவே பால் காப்பி நிறத்தில் இருந்தால் இந்தப் பரீட்சையே வேண்டாம். வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் தேய்ந்துவிடும்.

கேஸ்கெட் போன வண்டியை "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விடுவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 528 சி.சி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கிற இடம் சுமார் 25 சி.சி. பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற பாலாடை அளவுதான். ராத்திரி நிற்கிறபோது அந்த அளவுத் தண்ணீர் ஒரு சிலிண்டரில் இறங்கிவிட்டால் போதும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. செல்ஃப் அடித்ததும் 'டக்'கென்று நின்றால், தயவுசெய்து நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய செலவு எஞ்சினையே பிரிப்பதில் போய் நிற்கும்.

சரி, எஞ்சின் ஏன் கொதிக்கிறது? போடிமெட்டுக்கு ஏறுகிற ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறுகிறது. எஞ்சின் முழு மூச்சாக உழைக்கிறது. ஆனால் வண்டியின் வேகம் குறைவு, எதிர்க்காற்றும் குறைவு. ரேடியேட்டரைக் குளிர்விப்பது ஃபேன் மட்டும். எத்தனை பேரை ஏற்றலாம் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது சட்டத்துக்கும் தெரியும், ரேடியேட்டருக்கும் தெரியும். போதாக்குறைக்கு மலை உச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் 1400 மீட்டர் உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இதைச் சரிக்கட்டத்தான் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். உள்ளே அழுத்தம் ஒரு பவுண்டு கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடும். 7 பவுண்டு மூடி என்றால் சுமார் 11 டிகிரி லாபம். மூடியின் ரப்பர் கிழிந்துவிட்டால் இந்த லாபம் முழுக்கப் போச்சு. அதனால்தான் எந்தக் கோளாறும் இல்லாத எஞ்சின்கூட மலையில் கொதிக்கிறது. பழைய துணியைச் சுற்றி வேறு ஏதோ வண்டி மூடியை இறுக்கி வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற எண் உள்ள மூடியை வாங்கிப் போடுங்கள். இந்த வண்டியில் இதைவிட மலிவான சாமான் குறைவு.

கொதிக்கிற எஞ்சினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும் உள்ளே இருக்கிற தண்ணீர் அவ்வளவும் ஒரே பொங்காகப் பொங்கி முகத்தில் அடிக்கும். வழியில் முள் மேலே ஏறினால் நிழலில் ஒதுக்கி, ஆட்களை இறக்கிவிட்டு, முன்பக்கத்தை எட்டிப் பாருங்கள். ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் கொட்டிப் போயிருந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். பெல்ட்டும் தண்ணீரும் சரியாக இருந்தால் சில நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்கலாம். சட்டென்று அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நின்று ஹெட் இன்னும் சூடாகும். கையை வைக்கிற அளவு ஆறிய பிறகுதான் மூடி. ஓடையிலிருந்து ஒரு வாளி பச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொதிக்கிற ரேடியேட்டரில் ஊற்றுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அலுமினிய ஹெட் வெடிப்பு விடுவதற்கு அதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது? போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. சோறு வடிக்கிற பானையில் படிகிற காரை போலவே எஞ்சினுக்குள்ளும் ரேடியேட்டர் குழாயிலும் படியும். மழைத்தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பேட்டரிக்கு ஊற்றுகிற வடிநீர் இன்னும் நல்லது. அதோடு கூலன்ட் கலக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை, டப்பாவில் சொல்லியிருக்கிற அளவுக்கு. "நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். பனிக்காக இல்லை. எஞ்சின் ஓடும்போது ஈர லைனர் ஒவ்வொரு வெடிப்புக்கும் அதிரும். அதிரும்போது அதை ஒட்டிய தண்ணீரில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைந்துகொண்டே இருக்கும். உடைகிற ஒவ்வொரு குமிழியும் லைனரை ஊசியால் குத்தியதுபோல் அரிக்கும். நாளடைவில் குத்து துளையாகிவிடும். கூலன்டில் இருக்கிற மருந்துதான் இதைத் தடுக்கிறது; துருவையும் தடுக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: அது இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வடிக்கிறபோது வாசலில் கொட்டாதீர்கள். நாயும் கன்றுக்குட்டியும் நக்கிவிடும். டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

ரேடியேட்டரைக் கழுவச் சலவைச் சோடா போடுகிற வழக்கம் பழைய இரும்பு எஞ்சின் காலத்தது. அலுமினிய ஹெட்டைச் சோடா தின்றுவிடும். இதற்கென்று விற்கிற மருந்தை வாங்குங்கள். அதிலும் அலுமினியத்துக்கு ஆகும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற வழக்கத்தையும் சொல்ல வேண்டும். "அதுதான் தண்ணியை அடைக்குது" என்பார்கள். தண்ணீர் சுமார் 80 டிகிரிக்கு வருகிற வரைக்கும் அது அடைக்கத்தான் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுக்க எரியாது, லைனர் தேயும், ஆயில் கெடும். கழற்றியதைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள். திறந்தால் நல்லது, மாட்டுங்கள். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடச் சம்மதிக்காதீர்கள். நேர்ச் சட்டம் வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வளைந்திருந்தால் லேத்துப் பட்டறையில் சமப்படுத்தலாம். அதற்கும் எல்லை உண்டு, ஒரே ஹெட்டை மூன்று நாலு தடவை சீவ முடியாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, புத்தகம் சொல்கிற வரிசையில், அளவு காட்டும் ஸ்பானரால் படிப்படியாக முறுக்க வேண்டும். கைப்பலத்தை நம்பி முறுக்குகிற மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த ஹெட்டுக்கு ஆகாது.

மற்ற பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீசல் பில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், மழைக்காலத்தில் அடிக்கடி. டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். பம்புக்குள் எண்ணெய் போடுவது கிடையாது, டீசலின் வழுவழுப்பில்தான் அது ஓடுகிறது. ஏர் கிளீனர் மண் ரோட்டில் சீக்கிரம் அடைபடும். கரும்புகை வந்தால் நாசிலைக் குறை சொல்லுமுன் அதைப் பாருங்கள். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் போல இறங்க வேண்டும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிப்பதற்காக எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டாதீர்கள். பூஸ்டர் பிரேக் உள்ள வண்டியில் எஞ்சின் நின்றால் பூஸ்டருக்கு வலு வராது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களை நம்பி வந்தவர்கள்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விற்பவர் வண்டியைச் சூடாக்கித் தயாராக வைத்திருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். மறுநாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது வருகிறேன் என்று சொல்லுங்கள். ஆயில் மூடியின் உள்பக்கத்தை விரலால் வழித்துப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒட்டினால் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, ஆயிலைச் சோதிக்காமல் விலை பேசாதீர்கள். ரேடியேட்டரில் நிறமில்லாத துருத்தண்ணீர் இருந்தால், அந்த வண்டி இத்தனை வருஷமும் கூலன்ட் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.