குழந்தை சாக்ஷியும் அப்பீலும்

(கூடுவாஞ்சேரிக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஒரு சிறு குழந்தையின் வாய்ச்சொல்லைக் கொண்டு ஒரு மனிதனைத் தண்டிக்கலாமா, தண்டித்துவிட்டால் அவன் என்ன செய்வது என்பதைப்பற்றி நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். "குழந்தை வாக்கு தெய்வ வாக்கு" என்பார் ஒரு சாரார். "அது பிள்ளைப் பேச்சு, கோர்ட்டில் நிற்காது" என்பார் மற்றொரு சாரார். இரண்டும் விசாரியாமல் தீர்ப்புச் சொல்லும் சோம்பேறித்தனமேயாகும்.

1692-ல் அமெரிக்காவிலுள்ள சேலத்தில் (நம் சேலமல்ல) 9, 11 வயதுச் சிறுமிகள் முதலானோர் சிலரைச் சூனியக்காரர் என்று கைகாட்டினார்கள். அதில் தொடங்கிய விசாரணையில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். பிசாசை நம்பிய பெரியவர்கள் இருக்கும்போது குழந்தைகளை நோவானேன்?

இனி மற்றச் சாராரின் வாதத்தைப் பார்ப்போம். ராஜஸ்தான் ராமேஷ்வர் வழக்கில் 8 வயதுச் சிறுமிக்குப் பிரமாணத்தின் பொருள் தெரியாதென்று, பிரமாணமில்லாமலே சாக்ஷி வாங்கினார்கள். அது செல்லாதென்ற வாதத்தை 1951 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. சத்தியம் செய்யத் தெரியாத குழந்தையும் கண்டதைச் சொல்லக்கூடும். சத்தியம் செய்து பொய் சொல்லும் பெரியவர்களுக்கோ நாட்டில் பஞ்சமில்லை!

கேள்வியை அறிந்து பகுத்தறிவுக்கொத்த பதில் சொல்லக்கூடிய எவரும் சாக்ஷியாகலாம் என்பதே சட்டம். 1872-ஆம் வருஷச் சட்டத்தின் 118-வது பிரிவு சொன்னதையே, 2024 ஜூலை முதல் அமுலிலுள்ள புதுச் சட்டத்தின் 124-வது பிரிவும் சொல்லுகிறது.

ஆகவே, அப்பீலில் "அது குழந்தை" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. குழந்தைக்கு விவரம் புரிகிறதா என்று ஜட்ஜ் முன்னதாகக் கேட்டுப் பதிவு செய்தாரா? வாக்குமூலம் கொடுக்கும் வரை அது யார் கையில் இருந்தது? யாராவது சொல்லிக் கொடுத்ததற்கு அடையாளமுண்டா? வைத்திய சாக்ஷியும் மற்றச் சங்கதிகளும் ஒத்து வருகின்றனவா? இவைகளையே கேட்கவேண்டும்.

ஹரியானாவின் ஒரு கொலை வழக்கில், சிறுவனிடம் ஆரம்பக் கேள்விகள் மேலெழுந்தவாரியாகக் கேட்கப்பட்டதையும், அவன் சாக்ஷியத்தின் பலவீனத்தையும் கண்டு, 2023 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் எதிரியை விடுதலை செய்தது. மத்தியப் பிரதேசத்தில் தாய் கொல்லப்பட்டதைச் சொன்ன 7 வயது மகளை ஹைக்கோர்ட் நம்பவில்லை. 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் நம்பித் தகப்பனைத் தண்டித்தது. வயதை அல்ல, சொல்லைத்தான் சோதித்தார்கள்.

தோழர்களே! செங்கற்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை பெற்றால் சென்னை ஹைக்கோர்ட்டுக்கு அப்பீல் செய்ய 60 நாள் தவணை. தூக்குத் தண்டனையானால் 30 நாள்தான். சிறையிலிருப்பவன் சிறை அதிகாரி மூலமாகவே மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்கப் பணமில்லையானால் சட்ட உதவிக் குழு இலவசமாக வைத்துக் கொடுக்கும். காவலிலிருப்பவனிடம் வருமானக் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

நம்மவர்களோ, குறி கேட்டும் பரிகாரம் செய்தும் இந்த நாட்களையும் பணத்தையும் தொலைக்கிறார்கள். அதைவிடக் கேடு, குழந்தையின் வீட்டுக்கு ஆள் அனுப்பி மிரட்டிச் சொல்லை மாற்றப் பார்ப்பது. அது தனிக் குற்றம். நிரபராதியின் வழக்கையும் கெடுத்துவிடும்.

உண்மை சொன்ன குழந்தை பொய்யாக்கப்படவும் கூடாது. குற்றமற்றவன் சிறையில் சாகவும் கூடாது. இரண்டுக்கும் வழி ஒன்றே: எவர் சொல்லையும் ஆராய்ந்து பார்ப்பது. தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனுப் போடுங்கள்.