சுழலும் பணம், துலங்கும் நிலம்



ஊருக்கு நடுவே மூடிக் கிடக்கும் ஒரு பழைய பெட்ரோல் பங்க். அடியிலிருந்த தொட்டி கசிந்து, மண்ணெல்லாம் எண்ணெய் ஊறியிருக்கிறது. சுத்தம் செய்ய நிறையச் செலவாகும் என்பதால் வாங்க ஆளில்லை. இத்தகைய இடங்களை அமெரிக்காவில் 'பிரவுன்ஃபீல்டு' என்கிறார்கள். அங்கே இவை நாலரை லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிடுகிறது.

இவற்றைச் சுத்தம் செய்ய அங்கே வைத்திருக்கும் வழிகளில் ஒன்று சுழல்நிதி. 2002ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு உறுதியான அடித்தளம் போட்டது. முகமை ஒரு நகராட்சிக்கு மானியம் தருகிறது. நகராட்சி அதில் பெரும்பகுதியைக் குறைந்த வட்டிக்கோ, வட்டியே இல்லாமலோ கடனாகக் கொடுக்கிறது. நிலம் சுத்தமாகி, கடன் திரும்பி வந்ததும், அதே பணம் அடுத்த நிலத்துக்குப் போகிறது.

இதை நடத்துகிறவருக்குப் பொறுப்பு இரண்டு. கடன் வாங்குகிறவரால் திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். மண்ணிலிருந்து நஞ்சு முறைப்படி நீங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒன்று தவறினால் நிதி வற்றும். மற்றது தவறினால் மக்களின் உடல்நலம் கெடும். அந்த நிலத்தைக் கெடுத்ததற்குச் சட்டப்படி பொறுப்பானவரே வந்து கேட்டால், கடன் கிடையாது.

திரும்பி வரும் ஒவ்வொரு தவணையும் இன்னொரு நிலத்துக்கு மருந்து. கெட்ட மண்ணைக் கைவிட வேண்டாம்; மனம் வைத்தால் மீட்கலாம்.