அருகிலிருக்கும் ஆறுதல்



மகிழ்ச்சி தந்த ஓர் இடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு மாணவர்களிடம் கேட்கிறோம். பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணமே வந்து சேர்கிறது. முடிவில் எழுதியவர் 'மகிழ்ச்சிக் கடலில்' மூழ்குகிறார். அத்தொடரைக் கற்பித்தவர்களும் நாமே. ஒருமுறை ஒரு மாணவர் மட்டும், மனம் சோர்ந்த நாள்களில் 'புளோக்குக்குக் கீழே' சென்று அமர்வதாக எழுதியிருந்தார். ஆசிரியராகிய நாம் அது பேச்சுவழக்கு என்று அடித்துவிட்டு, 'பூங்காவில்' என்று திருத்தினோம். வாக்கியம் செம்மையாயிற்று, ஆனால், அந்த மாணவரின் இடம் காணாமற்போயிற்று.

அவ்விடம் எளிதாகத் தள்ளிவிடத்தக்கதா? 1960ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1970களில் தன் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்களைப் பரவலாகத் திறந்தவெளியாக விட்டது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம். தடையின்றி வீசும் காற்று. சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை. மலாய்க்காரர் வீட்டுத் திருமணமும் சீனர் வீட்டு இறுதிச் சடங்கும் நடைபெறும் அதே தளத்தில்தான் நம் பாட்டிமார் மாலையில் அமர்ந்து பேசுகிறார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வீடும் பணியிடமும் அல்லாத இத்தகைய பொது இடங்களை 'மூன்றாம் இடம்' என்றார். அழைப்பிதழ் வேண்டாம், தகுதி பார்ப்பதில்லை, உரையாடலே அங்கு முதன்மையானது. இக்கருத்து தமிழருக்குப் புதியதன்று. ஊரார் கூடிய மரத்தடியை மன்றம் என்றும், பொதுவிடத்தைப் பொதியில் என்றும் சங்கப் பாடல்கள் குறிக்கின்றன. வழிப்போக்கர் இளைப்பாற இடமளித்தது வீட்டுத் திண்ணை.

உணவங்காடி நிலையத்தையும் எண்ணிப் பார்ப்போம். சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு 'தே ஹாலியா' கேட்டால் இஞ்சித் தேநீர் வரும். 'கோசோங்' என்றால் சர்க்கரை இராது. இரண்டும் மலாய்ச் சொற்கள். 'தே' என்பதோ ஹொக்கியன் மொழியோடும் நம் தேநீரோடும் உறவுடையது. ஒரு கோப்பைக்குள் இத்தனை மொழிகள் பகையின்றிக் கலந்திருக்கின்றன. சூடான அக்கோப்பையைக் கையில் ஏந்தும்போது அன்றைய களைப்பில் ஒரு பங்கு குறைகிறது.

நாம் அஞ்சுவது ஒன்றே. தமிழ் தேர்வுக்குரிய மொழியாகவும், ஆங்கிலம் இளைப்பாறும் மொழியாகவும் பிரிந்துவிடலாம். களைத்த மனம் எந்த மொழியில் இளைப்பாறுகிறதோ, அந்த மொழியையே மனிதர் முதுமைவரை உடன்கொண்டு செல்வர். அழகிய தொடர்களை நிறையக் கற்றும், தம் ஆறுதலைச் சொல்லத் தமிழில் இடமில்லை என்று ஒரு பிள்ளை எண்ணுமாயின், அப்பிழை பிள்ளையுடையதன்று.

ஆகவே, ஆசிரியர்களே, அடுத்த கட்டுரையில் சிவப்பு மையைச் சற்றே நிறுத்தி வைப்போம். 'புளோக்குக்குக் கீழே' என்று வந்தால், "அங்கு யார் இருந்தார்கள்? காற்று எப்படி வீசியது?" என்று கேட்போம். மாணவர்களே, பள்ளி முடிந்து நீங்கள் சற்றே நின்று மூச்சுவிடும் இடம் எதுவோ, அதை எழுதுங்கள். அதற்குப் பொருத்தமான சொல்லைச் சேர்ந்தே தேடுவோம். கடலில் மூழ்க வேண்டியதில்லை. கல்மேசையருகே அமர்ந்தாலே போதும்.