கிழிந்த ஏடும் கணினி விளையாட்டும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நான் கணினி விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். என்னை வியக்கவைத்தது 'வெண்பா' என்னும் விளையாட்டு. கனடாவின் டொரான்டோ நகரில் உருவாகி, 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. 2024இல் பாஃப்டா அமைப்பின் முதற்படைப்பு விருதையும் பெற்றது. இதில் வாளில்லை, கொலையில்லை. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவிற்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண், தன் தாயின் சமையற்குறிப்பேட்டைப் புரட்டுகிறாள். ஏடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. அழிந்த வரியை ஊகித்து, இட்லித் தட்டுகளை ஆவி செல்லுமாறு அடுக்குவது ஆடுவோரின் பணி. பின்னாளில் அவ்வேட்டை எடுக்கும் மகன் கவினுக்கோ, தமிழ் படிப்பதே தடுமாற்றமாகிறது.

இதனைக் கண்டபோது என் நினைவு கும்பகோணத்திற்குச் சென்றது. அங்குக் கல்லூரி ஆசிரியராயிருந்த உ.வே.சாமிநாதையர், திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்றார். சுவடிகளை ஒப்புநோக்க அவரால் இயன்றது. சமணக் கோட்பாடுகளின் பொருள்தான் விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். ஓரில்லத்தின் வாயிலில் மாவிலைத் தோரணம் கண்டு காரணம் வினவ, சிந்தாமணி படித்து நிறைவுற்ற நாள் என்றனராம். 'என் சரித்திரம்' கூறும் செய்தி இது. சந்திரநாத செட்டியார் போன்றோர் ஐயம் தீர்த்துதவ, 1887இல் நூல் அச்சேறியது.

அன்பர்களே, சுவடியைக் கறையானிடமிருந்து காத்துவிடலாம். படித்துப் பொருள் சொல்வாரை இழந்தபின் அச்சுவடியால் என்ன பயன்? கரந்தையிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் ஜினாலயங்கள் நிற்கின்றன. நம் குடும்பங்களோ பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் பெயர்ந்துகொண்டிருக்கின்றன. பொழுது சாயுமுன் உண்ணும் நம் முறையும், கிழங்கைத் தவிர்க்கும் காரணமும் 'வெண்பா'வில் இல்லை. அதனைக் குறையென்று சொல்லேன். அவர்கள் தம் தாய்வீட்டு அடுக்களையைக் காத்தனர். நம் அடுக்களையை நாமல்லவா காத்தல் வேண்டும்?

ஆகவே ஒரு வேண்டுகோள். பேரக்குழந்தைகளின் கருவியைப் பறிக்காமல், இவ்விடுமுறையில் அவர்களோடமர்ந்து இவ்விளையாட்டை ஆடுங்கள். வெண்பா என்றால் என்னவென்று கேட்டால், சமண முனிவர் பாடிய நாலடியார் நானூறும் வெண்பாக்களே என்று சொல்லுங்கள். நம் வீட்டிலும் இத்தகைய ஏடு உண்டா என்று கேட்டால்? பாட்டிமார் சொல்லச் சொல்ல, நோன்பு நாள் உணவையும் அதன் காரணத்தையும் இன்றே தமிழில் எழுதத் தொடங்குங்கள். அதனைப் படிக்கவும் அக்குழந்தைக்குக் கற்பியுங்கள்.

வாழ்க அறம்!