அடுப்படியில் ஒரு தராசு

(பூதலூர் வட்டாரத்துப் பஞ்சாயத்து அன்பர்களும் விவசாயிகளும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

  

கல்லணைக்கும் தஞ்சைக்கும் இடையே வாழும் நமக்கு அளவையைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டுவதில்லை. இராசராச சோழன் எடுப்பித்த பெரிய கோயிலின் கல்வெட்டுக்களில், நெல்லை அளப்பதற்கு 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்கால் வழங்கியமை பொறிக்கப்பட்டிருக்கிறது. அளக்கும் கருவிக்கு இறைவனின் திருநாமத்தையே இட்டு வழங்கிய நாடு இது. பின்னர் 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் படியும் வீசையும் விடைபெற்றுக் கிலோ வந்தது. இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தராசில் ஏறும்பொழுது, நம் கண் அத்தராசின் எண்ணை விட்டு அகலுவதில்லை. ஆயினும் அந்நெல்லே அரிசியாகிச் சோறாகி நம் இலையில் விழும்பொழுது மட்டும் நாம் எடை கேட்பதில்லை. அதை நிறுத்துப் பார்ப்பது பற்றியே இன்று பேச முற்படுகிறோம்.

"சோற்றை நிறுத்தா உண்பது? அன்னலட்சுமிக்கு அடுக்குமா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பஞ்சகாலத்தை அறிந்த மூத்தோர் அவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. ஆனால் இப்பொழுது நம் ஊர்களை வருத்துவது வேறொரு தொல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023 இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு உடையவர்கள். 2019–21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்போ, இம்மாநிலப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் மிகை எடையுடையவர் எனக் கூறுகிறது. 2021 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீடு வீடாக வந்து மாத்திரை தருகிறார்கள், நன்று. எனினும் மாத்திரை வந்த வீட்டில் சோற்றுக் கரண்டி அப்படியே இருப்பின் பயன் பாதியே.

இத்தொல்லை எங்கிருந்து வந்தது? ஏர் பூட்டி உழுதவருக்கு டிராக்டர் கிடைத்தது; நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்தது; திருக்காட்டுப்பள்ளிக்குச் சைக்கிளில் சென்றவர் மோட்டார் சைக்கிளில் செல்கிறார். இவற்றை நாம் குறை கூறவில்லை. உழைப்பின் பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, கடும் உடலுழைப்புச் செய்யும் 65 கிலோ எடையுள்ள ஆடவருக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி வேண்டும். அதே எடையுள்ளவர் உட்கார்ந்த தொழில் புரிபவராயின் 2,110 போதும். வேறுபாடு 1,360 கலோரி. 100 கிராம் அரிசி ஏறத்தாழ 356 கலோரி தருவதால், இவ்வேறுபாடு சுமார் 380 கிராம் அரிசிக்குச் சமம். டிராக்டர் தன் டீசலைத் தானே குடித்துக்கொள்கிறது. உழவருக்கென்று வடித்த சோறு மட்டும் அவர் இலைக்கே வந்து சேர்கிறது.

கண்ணளவு போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதை ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் நேரிற் கண்டோம். வழக்கம்போல் ஒருவருக்கு வேண்டிய சோற்றைத் தட்டில் இட்டு, அதன் எடையையும் மதிப்பிடுமாறு சொன்னோம். பின்னர் தராசில் வைத்தபொழுது, ஆண்டுக்கணக்கில் பரிமாறிய கைகளின் கணக்கெதுவும் ஒத்துவரவில்லை. அனைவரும் குறைவாகவே மதிப்பிட்டிருந்தனர். அது அவர்கள் குற்றமன்று. கரண்டி வீட்டுக்கு வீடு வேறு. தட்டு பெரிதானால் சோறு சிறிதாகத் தோன்றும். "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லாமல் பரிமாறுவது நம் வழக்கத்திற்கே இழுக்கு.

செய்முறை எளிது. முதலில் அரிசியை ஊறவைக்குமுன் நிறுத்துக்கொள்ளுங்கள். 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெந்தபின் சோறு முழுவதையும் நிறுங்கள். அது 1,680 கிராம் இருப்பின், ஒரு பங்கு அரிசி 2.8 பங்கு சோறாயிற்று என்று பொருள். கஞ்சி வடித்த சோற்றுக்கும் குக்கர் சோற்றுக்கும், புதிய அரிசிக்கும் பழைய அரிசிக்கும் இவ்வெண் மாறும். ஆதலால் உங்கள் வீட்டு எண்ணை நீங்களே கண்டறிவது நலம். இக்கணக்கில் தட்டிலுள்ள 420 கிராம் சோறு என்பது 150 கிராம் அரிசி. கலோரியிற் சொன்னால் 530க்குச் சற்று மேல். மூன்று வேளையும் இவ்வாறே உண்டால் 450 கிராம் அரிசியாகிறது. மேற்சொன்ன நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டியிலோ, 2,000 கலோரி உணவுக்கு நாள் முழுவதற்கும் தானியம் 250 கிராம்தான். இட்லியும் தோசையும் இதனுள் அடங்கும். அதனோடு பருப்பு வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்று அவ்வழிகாட்டி வகுக்கிறது. நம் இலையில் சோறு நடுவிலும் கூட்டு ஓரத்திலும் இருப்பது இவ்விகிதத்திற்கு நேர்மாறானது.

எனவே ஒரே நாளில் பாதியாக்க வேண்டா; அது நிலைக்காது. 420 கிராம் சோற்றை இரண்டு வாரம் 336 ஆக்குங்கள். பின்னர் 280 ஆக்குங்கள். குறைந்த இடத்தில் கீரையும் பருப்பும் அமரட்டும். மூன்று வேளையில் 150 கிராம் அரிசி குறையும். புதிதாகச் சேர்ந்த பருப்பின் கணக்கைக் கழித்தாலும் 400 கலோரிபோல் மிச்சம். உடல் எடை மெல்லக் குறையத் தொடங்கும். சில மாதங்களுக்குப்பின் அக்குறைவின் வேகம் தளரும். அப்பொழுது தராசை வெறுத்துத் தூக்கி எறியாதிருக்க வேண்டும். ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் சித்திரான்னம் உண்ணும்பொழுது தராசு வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு நாளால் ஒன்றும் கெட்டுவிடாது.

எண்ணெயை நிறுப்பது இன்னும் எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் என்பது வழிகாட்டியின் அளவு. நால்வர் உள்ள குடும்பத்திற்கு மாதம் 3¼ கிலோவுக்குள் அடங்கும். மாத முதலில் அவ்வளவை நிறுத்துத் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். எத்தனையாம் தேதி தீருகிறது என்பதை அப்பாத்திரமே சொல்லிவிடும்.

இனி, நாம் மிக முக்கியமாகக் கருதும் செய்தி ஒன்று உண்டு. மேற்சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பே தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர் என்றும் கூறுகிறது. இவ்விரண்டு குறைகளும் ஒரே கூரையின்கீழ், சில வேளை ஒரே உடலிலும் இருக்கின்றன. எல்லோரும் உண்டபின் உண்ணும் தாய்க்குச் சோறும் இரசமும் மிஞ்சுகின்றன. பருப்பும் முட்டையும் மிஞ்சுவதில்லை. ஆகவே ஆடவர் தட்டை மட்டும் நிறுத்தால் போதாது. கடைசித் தட்டையும் ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள். தராசு குறைப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. கூட்டவேண்டிய இடத்தையும் அது காட்டும். மருமகளின் சோற்றை எண்ணிக் காட்டுவதற்கு இக்கருவி பயன்படுமாயின், அதை வாங்காதிருப்பதே மேல்.

யாருக்கு இது வேண்டும் என்பதையும் அறிந்து செய்யவேண்டும். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண் 23க்கு மேற்படின் நம்மவர்க்கு மிகை எடை. 25ஐ எட்டினால் உடற்பருமன். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இவை முறையே ஏறத்தாழ 62½ கிலோவும் 68 கிலோவும் ஆகும். கருவுற்ற தாய்மார், பாலூட்டுவோர், வளரும் பிள்ளைகள், மெலிந்த முதியோர் ஆகியோரின் உணவில் கைவைக்கலாகாது. நாள் முழுதும் மண்வெட்டி பிடிப்பவருக்கும் 250 கிராம் கணக்குப் பொருந்தாது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர் திடீரெனச் சோற்றைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் நேரிடக்கூடும். அவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவார்களாக.

சமையலறை மின்னணுத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டுக்கு ஒன்று வேண்டுவதில்லை. மகளிர் குழுவுக்கு ஒன்று வாங்கி, வீட்டுக்கு ஒரு வாரமென முறைவைத்துக் கொள்ளலாம். ஒரு வாரம் நிறுத்தால் உங்கள் வீட்டுக் கரண்டியின் அளவு கைக்குப் பழகிவிடும். மாதம் ஒருமுறை சரிபார்த்தால் போதும். வெற்றுத் தட்டை வைத்து எண்ணைப் பூச்சியமாக்கும் பொத்தான் உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் பாத்திரத்தின் எடையைக் கழித்து ஒரு லிட்டர் தண்ணீரை நிறுங்கள். 1 கிலோவுக்கு மிக நெருங்கி வராவிடில் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். இது அடுக்களைக்கு மட்டுமே உரியது. முத்திரையிடப்படாத இத்தராசை வைத்து எவரும் கடையில் வியாபாரம் செய்யலாகாது.